யானை பார்க்கப் போன ஆறு நாள்

நானும் என் சம்சாரம் மீனாச்சியும் வன்னிக் காட்டுக்குப் போய்விட்டு வந்தோம். சாவுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. சும்மா போனோம். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப் போனவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

சும்மா போனோம் என்பது பாதிப் பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் ஒரு குளத்துக் கரையில் சர்க்கார் பங்களா இருக்கிறது. அதற்குக் காவல்காரன் சன்னாசி. என்னோடு பத்து வருசம் கவ்வாத்து வெட்டியவன். தேயிலைச் செடி உயர்ந்து போனால் அதை இடுப்புக்குக் கீழே வெட்டி மட்டம் பண்ணுவோம். அதுதான் கவ்வாத்து. சன்னாசி கத்தியைக் கீழே போட்டுவிட்டு வடக்கே போய் ஆறு வருசம் ஆகிறது. சித்திரையில் கடுதாசி போட்டிருந்தான். “மீனாச்சியைக் கூட்டிக்கிட்டு வா. யானை காட்டுறேன்” என்று மேலே எழுதியிருந்தான். கீழே வேறு எழுதியிருந்தான். “என் வீட்டு வளவுக்குப் பக்கத்துல ரெண்டு ஏக்கர் காடு சும்மா கெடக்கு. வெட்டிக் குடியேறலாம். ராசம்மாவுக்கும் பேச்சுத் துணை வேணும். வந்து பாரு.” ராசம்மா அவன் பெண்சாதி.

மீனாச்சிக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். மேலே இருந்ததை மட்டும் படித்தேன்.

காரணம் உண்டு. தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அறை. நடுவே சாக்குப் படுதா தொங்கும். அந்தப் பக்கம் என் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். இந்தப் பக்கம் நாங்கள். இருபது வருசம் இப்படித்தான். ஒரு நாள் கொழுந்துக் கூடையை எடுக்கும்போது மீனாச்சி சொன்னாள். “ஒரு நாளாவது அடுத்தவங்க இருமல் கேக்காமத் தூங்கணும்.” சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். நான் அதை மறக்கவில்லை.

ஆனால் எங்கள் ஒரே மகளை அந்தத் தை மாதம்தான் பூண்டுலோயாவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மகளை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று இவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. அவள் அப்படிப்பட்ட ஆள். காட்டைப் பார்க்கட்டும், அங்கே வைத்துக் கேட்போம் என்று நினைத்தேன்.

பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்டேன்.

“எத்தன நாளு?”

“ஆறுங்க.”

“யாரு செத்தா?”

“யாரும் சாகலீங்க. காடு பாக்கப் போறோம். நானும் பொண்டாட்டியும்.”

அவர் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இங்க இல்லாத காடா?”

களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் துரையும் துரைசாணியும் வருசா வருசம் கூடாரம், துப்பாக்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போவார்கள். அதற்குப் பிறகு எனக்கு அதே பேர்தான். “தொர, கூடாரம் எங்க?” “தொரசாணிக்குத் தொப்பி வாங்கியாச்சா?” மீனாச்சியைக் கொழுந்து மலையில் இன்னும் மோசமாகக் கேலி பண்ணியிருக்கிறார்கள். “யானையப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்று மட்டும் சொன்னாளாம். அவளுக்கு யானை பார்க்கிற ஆசை நிசமான ஆசை. பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இறங்காதவள்.

புறப்படுகிற அன்று மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தோள் இறங்கிவிட்டது.

“என்ன புள்ள இது? ஆறு நாளைக்கா?”

“கம்பளி.”

“ரெண்டுமா?”

“ஆமா.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி மூட்டையின் அடியில் நான் முதலிலேயே சொருகி வைத்திருந்தேன். கேட்டால் திருப்பிக் கேட்பாள்.

முதல் நாள் மழையில் இறங்கினோம். ரயிலில் மீனாச்சி ஜன்னலை விட்டு நகரவில்லை. கீழே போகப் போக வெயில் ஏறியது. ஆள் ஆளாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். இவள் முக்காட்டை மட்டும் எடுத்தாள். கட்டிக்கொண்டு போன ரொட்டியும் சம்பலும் பாதி வழியில் தீர்ந்தன. எதிரே இருந்த சிங்களத்து அம்மா அவிச்ச மரவள்ளிக் கிழங்கை வாழையிலையோடு நீட்டினாள். மீனாச்சி கடைசி ரொட்டியை அவளுக்குக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பாஷை வேறு. சம்பல் உறைப்புக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி மூக்கைத் துடைத்தார்கள்.

பொல்காவலையில் ரயில் மாற வேண்டும். பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் பாலத்தின் நடுவில் வந்தபோது வடக்கே போகிற ரயில் கீழே கிளம்பிப் போனது. நின்று பார்த்தோம். ஒரு சிங்களப் போர்ட்டர் மூட்டையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அவன் பாஷையில் கேட்டான். “புது வீடு போறீங்களா?”

“என்னா கேக்குறான்?” என்றாள் மீனாச்சி.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வண்டிக்கு இருட்டும் வரைக்கும் காத்திருந்தோம்.

இரண்டாம் நாள் விடிந்தபோது வேறு நாடு. மலையே இல்லை. நிலம் தோசைக் கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது. “பூமியத் தேச்சு விட்டுட்டாங்களா?” என்றாள் மீனாச்சி. மாங்குளத்தில் இறங்கினோம். சன்னாசி சொல்லி வைத்த மாட்டு வண்டி நேற்று வந்து பார்த்துவிட்டுப் போய் இன்றைக்கும் வந்திருந்தது. வண்டிக்காரர் அந்தப் பக்கத்து ஆள்.

“நீங்கள் தோட்டக்காட்டு ஆக்களோ?” என்றார்.

அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. “மலைநாடு” என்றேன்.

“உதென்ன, கம்பளியோ?” மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது. “பிள்ளை, இங்க வெயிலுக்குக் கல்லே வெடிக்குது. கம்பளியை ஆருக்குப் போர்க்கப் போறாய்?”

“மாட்டுக்கு” என்றாள் மீனாச்சி.

அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு வழியெல்லாம் பேச்சுதான். நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி, பாலைப் பழம் உலுப்பித் தந்தார். சின்னப் பழம், மஞ்சள், தேன் மாதிரி இனிப்பு. தின்று முடித்தால் உதடு இரண்டும் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் மூன்று பேரும் பேசவில்லை.

அந்தக் காட்டில் அட்டை இல்லை. நாங்கள் பழக்க தோசத்தில் அட்டைக்குப் பயந்து காலில் சவுக்காரக் கட்டி தேய்த்துக்கொண்டு போயிருந்தோம். அங்கே கடிக்கிறது உண்ணி. சவுக்காரத்துக்கு அது பயப்படவில்லை.

சன்னாசி கறுத்துப் போயிருந்தான். ராசம்மா பெருத்திருந்தாள். மீனாச்சி மூட்டையைப் பிரித்துக் கம்பளிகளை எடுத்ததும் ராசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அண்ணி, நீங்க எந்த ஊருக்குன்னு நெனச்சு வந்தீங்க?” மீனாச்சியும் சிரித்தாள். மூட்டையில் மிச்சம் இருந்ததை அவள் வெளியே எடுக்கவில்லை. வாயைத் திரும்பக் கட்டி மூலையில் வைத்தாள்.

அவர்களுடைய மண் வீட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டம். ஒரு பக்கம் வாழை. நாலு பக்கமும் தலைக்கு மேல் உயர்ந்த கிளுவை வேலி, முள்ளு அடைத்தது. வேலிக்கு வெளியே காடு. எங்களுக்குத் தனியாக ஒரு கொட்டிலை ஒழித்துக் கொடுத்திருந்தான் சன்னாசி. நாலு சுவரும் எங்களுக்கே. காலையில் மீனாச்சியிடம் கேட்டேன், தூங்கினாயா என்று.

“எங்க? இருமல் சத்தமே இல்ல. தூக்கம் வரல” என்றாள்.

மூன்றாம் நாள் யானை தேடினோம். சன்னாசி முன்னால் போனான். கால் தடம் இருந்தது, ஒடித்த கிளை இருந்தது, சூடு ஆறாத லத்தி இருந்தது. யானை இல்லை. “இதைப் பாக்கத்தானா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றாள். நடக்கிறபோது அவள் கை தன்பாட்டில் ஓரத்துச் செடிகளின் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி முதுகுப் பக்கம் போட்டது. முதுகில் கூடை இல்லை. வழியெல்லாம் கொழுந்து கிடந்தது. திரும்பி வர அதுவே அடையாளம் ஆனது.

பத்தரை மணிக்கு அவளும் ராசம்மாவும் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். அந்த நேரம் சன்னாசி என்னைக் கூட்டிப் போய் அந்த இரண்டு ஏக்கரைக் காட்டினான். நல்ல மண். கால் கட்டை விரலால் கிளறிப் பார்த்தேன். கிணறு தோண்ட இடம் பார்த்து வைத்திருந்தான்.

“பிரஜா உரிமைக் கடுதாசி கேப்பாங்களா?” என்றேன். நான் அதற்கு மனுப் போட்டு, இல்லையென்று பதில் வந்த ஆள்.

“யானை கேக்காது. வேற யாரும் இந்தப் பக்கம் வர்றதில்ல” என்றான். “மீனாச்சிகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“எப்பச் சொல்லப் போற?”

“சொல்லணும்.”

மத்தியானம் ராசம்மா விரால் மீனைப் புளி ஊற்றி வைத்திருந்தாள். குரக்கன் பிட்டு. நாங்கள் கொண்டு போன தேயிலையில் தேத்தண்ணி. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். மீனாச்சி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். “நாம பறிச்சதுதான். இங்க வந்துதான் ருசி தெரியுது.” அப்போது கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தேத்தண்ணியோடு முழுங்கிவிட்டேன்.

நாலாம் நாள்தான் நான் கெடுத்தது.

பங்களாவுக்கு யாரோ இஞ்சினியர் வருகிறார் என்று சன்னாசியும் ராசம்மாவும் விடியக்காலையிலேயே போய்விட்டார்கள். கூட மாட ஒத்தாசைக்கு மீனாச்சியும் போனாள். நான் தனி ஆள். உட்கார்ந்தேன். எழுந்தேன். குளத்தைப் பார்த்தேன். கொக்கைப் பார்த்தேன். இருபத்தைந்து வருசத்தில் வேலை இல்லாத முழுப் பகல் எனக்கு அதுதான் முதல். கை ஊறியது. அந்தக் கிளுவை வேலி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் சாய்வு, நடுவே கண்டபடி கிளை. ஆறு வருசம் கத்தி படாத வேலி. சாப்பாடு போட்டவனுக்கு நாம் என்ன செய்தோம் என்று தோன்றியது. சாக்கைப் பிரித்துக் கத்தியை எடுத்தேன்.

நல்லபடியாகத்தான் வெட்டினேன். உள்ளேயிருந்த செத்த முள்ளையெல்லாம் இழுத்துக் கொளுத்தினேன். இரண்டடி உயரம், கயிறு பிடித்த மாதிரி ஒரே மட்டம். ஒவ்வொரு வெட்டும் சாய்வு வெட்டு, மழைத் தண்ணி தேங்காது. துரை வந்து பார்த்திருந்தால் பேசாமல் போயிருப்பார். எங்கள் துரை பேசாமல் போனால் அது நல்ல வேலை.

பொழுது சாய மூன்று பேரும் வந்தார்கள். சன்னாசி தூரத்திலேயே நின்றுவிட்டான். அங்கேயிருந்தே வாழையும், கத்தரியும், கொட்டிலும், நானும் எல்லாம் தெரிந்திருக்கும். பக்கத்தில் வந்து வெட்டு வாயைத் தடவிப் பார்த்தான்.

“டேய் கருப்பையா” என்றான். “நல்ல கவ்வாத்துடா.”

“ஆமா” என்றேன்.

“இது தேயிலை இல்லடா. வேலி.”

“யானைக்கு இந்த வேலியெல்லாம் ஒரு வேலியா?”

“யானைக்கு வேலி பெருசில்லதான். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு இவ்வளவு நாளு தெரியாது. நீ கதவத் தெறந்து காட்டிட்ட.”

ராசம்மா அடுப்படிக்குப் போனாள். மீனாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் வெளிச்சம் வருகிற நேரம். மீனாச்சி செம்பில் தண்ணியோடு கொட்டில் வாசலில் நின்றாள். “இந்தாங்க” என்றாள், மெதுவாக. போனேன். வாழைக்குள் யானை நின்றது. ஒற்றை ஆண். வேலியைத் தாண்டக்கூட இல்லை, வாசல்படி மாதிரி கால் எடுத்து வைத்து வந்திருக்கிறது. ஒரு வாழையைப் பிடுங்கி, காலால் மிதித்துப் பிளந்து, உள் தண்டை மட்டும் எடுத்தது. அவசரமே இல்லை.

மீனாச்சி என் கையைப் பிடித்தாள். வீட்டு வாசலில் சன்னாசியும் ராசம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இருபது வருசத்தில் ஆள் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததில்லை.

“இமை மயிரு எம்மா நீளம், பாருங்க” என்றாள்.

எனக்கு அது தெரியவில்லை. வாழை ஒவ்வொன்றாகப் போவதுதான் தெரிந்தது. சன்னாசி தகரத்தைத் தட்டினான். யானை திரும்பிப் பார்த்தது. கையிலிருந்ததைத் தின்று முடித்துவிட்டுத்தான் போனது. ஒரு வாழை மிச்சமில்லை. ராசம்மா முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள்.

நான் போய் அவள் முன்னால் நின்றேன். “தப்புதான் தங்கச்சி” என்றேன்.

“போங்கண்ணே” என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு. “ஊரு உலகத்துல விருந்தாளி வந்தா வாழைப்பழம் வாங்கிட்டு வருவாங்க. நீங்க யானையக் கூட்டிக்கிட்டு வந்து வாழையைக் குடுத்தீங்க.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று பூராவும் முள்ளு வெட்டினோம். சன்னாசி வெட்டிப் போட, நான் இழுத்து வந்து அடைக்க, மீனாச்சி கொடியால் கட்டினாள். ராசம்மா பிழைத்த வாழைக் கன்றுகளைத் தேடி நட்டாள். கங்காணி இல்லை, மணி இல்லை. தண்ணி தவித்தபோது நிறுத்தினோம். கையெல்லாம் ரத்தம். வேலியின் அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் மீனாச்சி. நடுவில் முள்ளு. அப்போதுதான் அவள் பேசினாள்.

“யானை பாக்கப் போறவருக்குக் கவ்வாத்துக் கத்தி எதுக்கு?”

நான் முள்ளை அழுத்தினேன்.

“மூட்டை கட்டுறப்பவே பாத்தேன். சாக்குல சுத்தி அடியில வச்சிருந்தீங்க. வேல செய்யப் போறாரு, திரும்பி வர்ற எண்ணம் இல்லன்னு நெனச்சேன். அதான் ரெண்டு கம்பளியும் எடுத்தேன். மாரியாத்தா படத்தையும் செவுத்துலருந்து கழட்டி எடுத்துக்கிட்டேன்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அஞ்சு நாளா இருக்கேன்.”

பக்கத்து இரண்டு ஏக்கரைக் கையால் காட்டினேன். “இதான். மண்ணு நல்லாருக்கு. நாலு செவுரு நமக்குன்னு இருக்கும். வர்றியா?”

அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“அந்தக் கொடிய இப்படிக் குடுங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் திரும்பினோம். அதே வண்டிக்காரர். “யானை பாத்தியளோ?” என்றார். “நல்லாப் பாத்தோம்” என்றாள் மீனாச்சி. அவருக்குக் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கத்தியால் வெட்டுவது மாதிரிக் கையை ஆட்டினார். மாட்டை ஓட்டுவதற்கு முன் ஒரு தடவை, இறக்கிவிட்ட பிறகு ஒரு தடவை.

ரயிலில் இவள் பேசவே இல்லை. மாட்டேன் என்று சொல்ல மனசில்லாமல் பேசாமல் வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சரி, கேட்டாவது ஆயிற்று என்று இருந்தேன். மலை ஏறத் தொடங்கி முதல் தேயிலைச் செடி தெரிந்தபோது வாயைத் திறந்தாள்.

“நம்ம மகளு வீட்டுலருந்து மாங்குளத்துக்கு எத்தன ரயிலு?”

“ரெண்டு. பொல்காவலையில மாறணும்.”

“மருமகனுக்கு மாறத் தெரியுமா?”

“சொல்லிக் குடுத்தாத் தெரியும்.”

“பாலத்துல மூட்டையோட நடக்கக் கூடாதுன்னு சொல்லணும்” என்றாள். திரும்பவும் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அட்டனில் இறங்கியபோது மழை. பல் கிடுகிடுத்தது. ஆறு நாளில் உடம்பு குளிரை மறந்திருந்தது. மூட்டையைத் தூக்கினேன். லேசாக இருந்தது. பிரித்தால் ஒரு கம்பளிதான்.

“இன்னொண்ணு எங்க?”

“அங்க இருக்கு.”

“மறந்துட்டியா?”

“நான் எதை மறந்திருக்கேன்?”

ஒன்றையே இரண்டு பேரும் தலை மேல் போட்டுக்கொண்டு நடந்தோம். குறுக்குப் பாதை ஒரு ஆள் நடக்கிற பாதை. ஒட்டி நடக்க வேண்டியிருந்தது. தேயிலை ஸ்டோர் பக்கம் நின்ற இரண்டு பேர், “தொரயும் தொரசாணியும் வந்தாச்சு” என்று கத்தினார்கள். மீனாச்சி கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து ஆட்டினாள்.

லயத்தில் அண்ணி விளக்கை வைத்துக்கொண்டு சுவரைக் காட்டினாள். ஆணி மட்டும் இருந்தது.

“ஏண்டி மீனாச்சி, ஆறு நாளா கேக்கணும்னு இருந்தேன். மாரியாத்தா படம் எங்க?”

மீனாச்சி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு முன்னாடி போயிருக்குக்கா” என்றாள்.